பீரோவும் ஒரு துறைமுகமே!

உங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்ததும் மேல்தட்டுத் துணிகள் இரண்டு தலைமேல் விழுகின்றனவா? பள்ளிச் சீருடையை உருவி எடுத்தால் அதற்கு மேலிருந்த அடுக்கு முழுவதும் சரிகிறதா? கவலைப்படாதீர்கள். அநேகமாக எல்லா வீடுகளிலும் இதுதான் கதை. அதிலும் வீட்டில் ஒரு தம்பிப் பாப்பாவோ தங்கைப் பாப்பாவோ பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். படுக்கையறையில் இருப்பது ஒரே பீரோ. அதில் தாத்தாவின் வேட்டி முதல் குழந்தையின் அரைத்துணி வரை எல்லாம் அடைந்தாக வேண்டும். "இன்னொரு பீரோ வாங்கினால்தான் சரிப்படும்" என்பார் அம்மா. "அதை எங்கே வைப்பது?" என்பார் அப்பா.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் வழியைத் தூத்துக்குடித் துறைமுகத்திடம் கேட்டால் என்ன? வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பெட்டிகளை வரவேற்று, அடுக்கி, வேண்டியபோது எடுத்துக் கொடுத்து அனுப்புவதுதான் துறைமுகத்தின் அன்றாட வேலை. உங்கள் வீட்டுப் பீரோ செய்ய வேண்டியதும் அதுவே.

பீரோவுக்கும் கடற்கரைக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 'அலமாரி' என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. சாவி, ஜன்னல் ஆகிய சொற்களும் அப்படியே. பதினாறாம் நூற்றாண்டில் முத்தைத் தேடி இந்தக் கரைக்கு வந்தவர்கள் அல்லவா போர்த்துக்கீசியர்! 'பீரோ' என்பதோ பிரெஞ்சுச் சொல். முதலில் அது மேசைமேல் விரிக்கும் ஒரு முரட்டுத் துணியைக் குறித்தது. பிறகு மேசையையும், அதன்பின் அலுவலகத்தையும் குறித்தது. நம் நாட்டிலோ அது மீண்டும் துணியிடமே வந்து சேர்ந்துவிட்டது!

கிட்டங்கியா, துறைமுகமா?

தூத்துக்குடித் துறைமுகம் 1974-ஆம் ஆண்டில் இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் அதற்கு வ.உ.சிதம்பரனாரின் பெயர் சூட்டப்பட்டது. அங்கே இரும்புப் பெட்டிகள் (கண்டெய்னர்கள்) வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை அடுக்கி வைக்க எவ்வளவு இடம் வேண்டும்? இதைக் கணக்கிட ஓர் எளிய விதி இருக்கிறது. அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் 1961-இல் இதை நிறுவினார்.

இருப்பு = வரவு வேகம் × தங்கும் காலம்

ஒரு துறைமுகத்துக்கு நாளொன்றுக்கு 1000 பெட்டிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் சராசரியாக 5 நாள் தங்கினால் 5000 பெட்டிகளுக்கு இடம் வேண்டும். தங்கும் காலத்தை 4 நாளாகக் குறைத்துவிட்டால் 4000 பெட்டிகளுக்கு இடம் இருந்தால் போதும். ஒரு சதுர அடி கூட விரிவாக்காமல் 1000 பெட்டிகளுக்கு இடம் கிடைத்துவிட்டது! இதனால்தான் துறைமுகங்களில் சில நாள்கள் வரை இலவசமாக வைத்திருக்க விட்டு, அதற்கு மேல் தங்கும் சரக்குக்கு வாடகை வாங்குகிறார்கள்.

இந்தக் கணக்கைப் பீரோவுக்குப் போடுவோம். நான்கு பேர் உள்ள ஒரு வீட்டுக்கு மாதம் 5 உருப்படி புதுத்துணி வருகிறது. ஒவ்வொன்றும் சராசரி 24 மாதம் பீரோவில் தங்குகிறது. ஆக, இருப்பு 120 உருப்படி. பீரோ 150 உருப்படி கொள்ளும் என்றால் தாராளமாக இருக்கும்.

இப்போது வீட்டில் ஒரு குழந்தை பிறக்கிறது. சொந்தக்காரர்கள் கொடுப்பதையும் சேர்த்து அதற்கும் மாதம் 5 உருப்படி வருகிறது. ஆனால் குழந்தையின் துணிக்கும் உங்கள் துணிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பிறக்கும்போது சுமார் 50 செ.மீ. நீளம் இருக்கும் குழந்தை ஓராண்டில் சுமார் 75 செ.மீ. ஆகிவிடுகிறது. அதன் எடையோ மூன்று மடங்காகிறது! ஆகவே எந்தச் சட்டையும் மூன்று நான்கு மாதத்துக்கு மேல் அதற்குப் பொருந்தாது. நான்கு மாதத்தில் வெளியேற்றினால் குழந்தையின் துணி இருப்பு 5 × 4 = 20 உருப்படிதான். மொத்தம் 140, பீரோவில் அடங்கிவிடும். 'இருக்கட்டுமே' என்று அவற்றையும் 24 மாதம் வைத்திருந்தால் 120 உருப்படி. மொத்தம் 240! பீரோ பிதுங்காமல் என்ன செய்யும்?

பாருங்கள், வரவு இரண்டு கணக்கிலும் ஒன்றே. தங்கும் காலம்தான் வேறு. பீரோ நிரம்புவது துணி வருவதால் அன்று, வந்தது போகாததால்தான். வந்ததெல்லாம் தங்கினால் அது கிட்டங்கி. வருவதும் போவதுமாக இருந்தால் அது துறைமுகம்.

நம் பாட்டிமார் இந்த விதியைப் படிக்காமலே அறிந்திருந்தார்கள். தாத்தாவின் பழைய வேட்டி கிழிந்து குழந்தைக்கு மெத்தென்ற அரைத்துணியானது. அம்மாவின் நூல்சேலை தொட்டிலானது. அக்காவின் பாவாடை தங்கைக்குப் போனது. சின்னதாகிவிட்ட சட்டை சித்தி வீட்டுக் குழந்தைக்குப் போனது. எந்தத் துணியும் ஓரிடத்தில் நெடுநாள் தூங்கவில்லை.

முத்துக்குச் சல்லடை, துணிக்கு?

எதை வைப்பது, எதை அனுப்புவது என்பதை எப்படி முடிவு செய்வது? இதற்கு முத்து வணிகர்களின் முறை உதவும். மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. அக்காலத்தில் சிப்பியிலிருந்து எடுத்த முத்துகளை வணிகர்கள் உடனே விலை பேசிவிட மாட்டார்கள். பெரிய துளை, சிறிய துளை என்று படிப்படியாக அமைந்த பித்தளைச் சல்லடைகளில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சலிப்பார்கள். முதலில் அளவு வாரியாகப் பிரிப்பு; அதன் பிறகே தரமும் விலையும்.

துணிகளைச் சலிக்க நமக்கு வேண்டிய சல்லடை 'எத்தனை நாளுக்கு ஒரு முறை?' என்னும் கேள்விதான். அன்றாடம் உடுத்துபவை முதல் சல்லடையில் நிற்கட்டும். மாதம் ஒரு முறை எடுப்பவை இரண்டாவதில். தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான், கல்யாணம் என்று ஆண்டுக்கு ஓரிரு முறை எடுப்பவை மூன்றாவதில். எதிலும் நிற்காமல் கீழே விழுபவை பீரோவை விட்டு வெளியேற வேண்டியவை.

அன்றாடத் துணிக்குக் கைக்கு எட்டும் நடுத்தட்டு. மாதத் துணிக்கு அதன் மேலும் கீழும் உள்ள தட்டுகள். ஆண்டுத் துணிக்கு உச்சித்தட்டு. பல வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது. பட்டுச்சேலை 'பத்திரமாக' நடுத்தட்டில் இருக்கும். சீருடையோ அடித்தட்டின் மூலையில் கிடக்கும்!

அடியிலிருக்கும் சட்டை

இப்போது ஒரு சிறு கணக்கு. 12 சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறீர்கள். அவற்றில் ஏதோ ஒன்று வேண்டும். அதை எடுக்கச் சராசரியாக எத்தனை சட்டைகளைத் தூக்க வேண்டும்? உச்சியில் இருந்தால் 0. அடியில் இருந்தால் 11. 0 முதல் 11 வரை கூட்டினால் 66. அதை 12-ஆல் வகுத்தால் ஐந்தரை. அதே 12 சட்டைகளை நான்கு நான்காக மூன்று அடுக்குகள் ஆக்கினால்? 0, 1, 2, 3 ஆகியவற்றின் சராசரி ஒன்றரைதான். வேலை நான்கில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதல், அவ்வளவே! உயரமான தட்டுக்கு நடுவே இரண்டு பலகைகளைச் செருகினாலே இந்த நன்மை கிடைத்துவிடும்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. துணிகளைப் படுக்க வைக்காமல், புத்தகங்களைப் போல நிற்க வையுங்கள். எதை எடுத்தாலும் இன்னொன்றைத் தூக்க வேண்டாம். சராசரி பூஜ்யம்! நிற்பதற்கு ஒரு பெட்டி வேண்டும். நம் பகுதிப் பனையோலைப் பெட்டி இதற்கு மிகவும் பொருத்தம். விலை குறைவு, காற்றும் உள்ளே போய்வரும். எல்லாத் துணியையும் ஒரே அகலத்துக்கு மடிப்பதும் முக்கியம். துறைமுகங்களின் வேகத்துக்கு அடிப்படையே இந்த 'ஒரே அளவு' தான். 1956-இல் மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர் 58 இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். கண்டெய்னர் யுகம் அதிலிருந்து தொடங்கிற்று. பின்னர் பெட்டிகளின் அளவு உலகெங்கும் ஒன்றாக்கப்பட்டதால், எந்த நாட்டுப் பெட்டியும் எந்த நாட்டுப் பெட்டியின் மேலும் கச்சிதமாக அமர்கிறது.

துறைமுகத்தில் பெட்டிகளை நிற்க வைத்து உருவ முடியாது. அடியிலுள்ள பெட்டி வேண்டுமென்றால் மேலுள்ளவற்றை எடுத்து வேறிடத்தில் வைத்தாக வேண்டும். வைக்கக் காலியிடம் இல்லாவிட்டால்? வேலை நின்றுபோகும். பதினைந்து எண் புதிர் என்னும் விளையாட்டுப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். 16 கட்டங்களில் 15 வில்லைகள். ஒரு கட்டம் காலி. அந்தக் காலிக் கட்டம் இருப்பதால்தான் வில்லைகள் நகர்கின்றன. அதையும் நிரப்பிவிட்டால் ஒரு வில்லையும் அசையாது. எனவே எந்தத் துறைமுகமும் தன் அடுக்குத் தளத்தை ஓரங்குலம் விடாமல் நிரப்பிவிட விரும்புவதில்லை. பீரோவிலும் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். காலி இடம் வீண் இடமன்று. அதுதான் பீரோவை இயங்க வைக்கிறது.

காற்றுக்கும் ஓர் இடம்

அந்தக் காலி இடத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அது காற்றுக்கு வழி விடுவது. கடற்கரை ஊர்களில் இது மிகவும் முக்கியம்.

ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள ஒரு பீரோவின் கொள்ளளவு சுமார் 29 கன அடி, அதாவது 0.83 கன மீட்டர். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாகச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். எனவே பீரோவுக்குள் காற்று மட்டுமே இருந்தாலும் அது 25 கிராம் நீராவியைத்தான் தாங்கும்.

பருத்தியோ தண்ணீரை விரும்பும் இழை. காய்ந்தது போலத் தோன்றும் பருத்தியிலும் நீர் இருக்கிறது. நூல் வியாபாரத்தில் உலர்ந்த பருத்தியின் எடையில் நூற்றுக்கு எட்டரைப் பங்கு ஈரத்தை இயல்பானதென்று கணக்கில் சேர்க்கிறார்கள். பாலியெஸ்டருக்கு இது அரைப் பங்கு கூட இல்லை. 1908-இல் வ.உ.சி. முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தால் புகழ்பெற்ற கோரல் ஆலை தூத்துக்குடியில் நூல் நூற்ற ஆலைதான். இந்த ஈரக் கணக்கு நம் ஊருக்குப் புதிதன்று.

200 கிராம் எடையுள்ள ஒரு சட்டை அரைகுறையாகக் காய்ந்து, 20 கிராம் ஈரம் கூடுதலாக இருக்கும்போதே அதை உள்ளே வைத்துவிட்டீர்கள் என்று கொள்வோம். பீரோக் காற்று முழுவதும் தாங்கக்கூடியதே 25 கிராம் அல்லவா? அந்த ஒரே சட்டை உள்ளே இருக்கும் காற்றை ஏறத்தாழ நிறைவித்துவிடப் போதும்! காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு எழுபதைத் தாண்டிப் பல நாள் நீடித்தால் பூஞ்சணம் வளரத் தொடங்கும். கஞ்சி போட்ட துணி அதற்கு நல்ல உணவு. ராமபாணப் பூச்சிக்கும் அப்படியே. நெருக்கி அடைத்த பீரோவில் இந்த ஈரம் வெளியேற வழியே இல்லை.

இரும்புப் பீரோவுக்கு இன்னொரு பகை உப்பு. கடற்காற்றிலும் உப்பளக் காற்றிலும் வரும் உப்புத்துகள் தகட்டின்மேல் படிகிறது. ஒப்பு ஈரப்பதம் சுமார் 75-ஐத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். அந்த உப்புநீர்ப் படலத்தில் துரு விரைந்து பிடிக்கும். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள்.

பீரோவை எப்போது திறந்து வைக்கலாம்? கடலிலிருந்து கொண்டல் வீசும்போதும் மழை நாளிலும் திறந்து வைத்தால் ஈரம் உள்ளே போகும். மேற்கிலிருந்து வறண்ட மேல்காற்று வீசும் நாளில், நண்பகலுக்குப் பின் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். உப்பளத்தில் உப்பு நன்றாக விளையும் நாளே பீரோவுக்கும் நல்ல நாள்!

உருண்டையில் ஓர் ஆபத்து

காற்றுக்கு வழி விடாமல், பலர் துணிகளுக்கிடையே பாச்சை உருண்டையைப் போட்டுவிடுகிறார்கள். அந்துருண்டை என்றும் சொல்வார்கள். இது பெரும்பாலும் நாப்தலீன் என்னும் பொருளால் ஆனது. உருகாமலே நேராக ஆவியாகும். இதைப் பதங்கமாதல் என்று படித்திருப்பீர்கள். அந்த ஆவி பூச்சிகளை விரட்டும். ஆனால் ஈரத்தை ஒரு துளியும் குறைக்காது.

புதிதாகப் பிறந்த குழந்தை இருக்கும் வீட்டில் இதைக் குறித்து மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி இரத்தச் சிவப்பணுக்களில் குறைவாக இருக்கும். உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இக்குறை இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஆண் குழந்தைகளிடம் இது கூடுதலாகக் காணப்படும். வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது. இத்தகைய குழந்தைக்கு நாப்தலீன் ஏறிய துணியை உடுத்தினாலோ போர்த்தினாலோ, அந்த ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். சிவப்பணுக்கள் உடையும், இரத்தசோகையும் மஞ்சள்காமாலையும் உண்டாகும். காமாலை முற்றினால் மூளையும் பாதிக்கப்படலாம். நாப்தலீன் எண்ணெயில் கரையும் பொருள். எனவே எண்ணெய் தேய்த்த உடம்பில் அது இன்னும் எளிதாக ஏறும். நம் வீடுகளில் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்காத நாள் உண்டா?

ஆகையால் குழந்தையின் துணி இருக்கும் பீரோவில் இந்த உருண்டை வேண்டவே வேண்டாம். மிட்டாய் என்று எண்ணித் தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு. பெட்டியில் உருண்டையுடன் கிடந்த பழைய துணியைக் குழந்தைக்கு அப்படியே உடுத்தக் கூடாது. குழந்தையின் கண்ணோ தோலோ மஞ்சளானால், சிறுநீர் கறுத்துப் போனால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உருண்டை வைத்திருந்த செய்தியையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பூச்சிக்கு என்ன செய்வது? அந்துப்பூச்சியின் புழு கம்பளியையும் பட்டையும் தின்னும். வியர்வையும் அழுக்கும் படிந்த துணி அதற்கு மிகவும் பிடிக்கும். எனவே நெடுநாள் வைக்கும் துணியைத் துவைத்து, கஞ்சி போடாமல், நன்றாக உலர்த்தி வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது எடுத்து உதறி, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றுங்கள். துணி 'தங்கும் காலம்' குறைந்தால் பூச்சிக்கும் தங்க நேரம் இராது!

தோணியில் பாரம் ஏற்றுவதுபோல

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுசெல்லும் தோணிகளைப் பார்த்திருக்கிறீர்களா? கனத்த சரக்கு அடியிலும் லேசான சரக்கு மேலேயும் இருக்கும். ஈர்ப்பு மையம் தாழ்வாக இருந்தால்தான் தோணி அலையில் கவிழாது.

பீரோவுக்கும் இதே விதி. 45 செ.மீ. ஆழமுள்ள பீரோவின் ஈர்ப்பு மையம் 90 செ.மீ. உயரத்தில் இருந்தால், அது சுமார் 14 டிகிரி சாய்ந்த பிறகே கவிழும். பீரோவின் தலைமேல் பெட்டிகளையும் பாத்திர மூட்டையையும் ஏற்றி, மையம் 110 செ.மீ. உயரத்துக்குப் போய்விட்டால் பதினொன்றரை டிகிரியே போதும். சிறு குழந்தை திறந்த கதவில் தொங்கினாலோ, இழுப்பறையைப் படியாக்கி ஏறினாலோ மையம் முன்பக்கமும் நகர்கிறது. போர்வை, ஜமுக்காளம், பழைய புத்தகம் எல்லாம் அடித்தட்டில் இருக்கட்டும். பீரோவைக் கொக்கி போட்டுச் சுவரோடு பிணைப்பது இன்னும் நல்லது.

ஒன்று மட்டும் அடித்தட்டில் இருக்கவே கூடாது. அது தாள்! 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவாயிற்று. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் முதலில் நனைவது பீரோவின் அடித்தட்டு. துணி நனைந்தால் காயும். மதிப்பெண் பட்டியலும் பத்திரமும் நனைந்தால்? அவற்றை நீர் புகாத உறையிலிட்டு உச்சித்தட்டில் வையுங்கள்.

செய்து பாருங்கள்

1. துணி ஒவ்வொன்றின் மடிப்பிலும் இன்றைய தேதி எழுதிய ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். உடுத்தும்போது அதை எடுத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எத்தனை காகிதங்கள் எஞ்சியுள்ளன என்று எண்ணுங்கள்.

2. ஒரு பருத்தித் துண்டை நண்பகல் வெயிலில் உலர்த்தி, பள்ளி ஆய்வகத் தராசில் நிறுங்கள். ஈரக்காற்று வீசிய ஓர் இரவு முழுவதும் நிழலில் தொங்கவிட்டு, காலையில் ஒரு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் கொண்டுவந்து மறுபடி நிறுங்கள். பையின் எடையைக் கழித்துவிட்டால் காற்று தந்த தண்ணீர் எவ்வளவு என்பது தெரியும்.

3. 12 நோட்டுப் புத்தகங்களுக்கு எண் இட்டு அடுக்குங்கள். சீட்டுக் குலுக்கி வந்த எண்ணுள்ள புத்தகத்தை எடுத்து, பிறகு அதே இடத்தில் வையுங்கள். 20 முறை செய்து, தூக்கிய புத்தகங்களின் சராசரியைக் காணுங்கள். பிறகு நான்கு நான்காக அடுக்கி மறுபடி செய்யுங்கள். நம் கணக்கு சரிவருகிறதா?

பீரோ முழுவதையும் ஒரே நாளில் ஒழுங்கு செய்ய வேண்டும் என்பதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடனோ அப்பாவுடனோ சேர்ந்து ஒரே ஒரு தட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துணிகளைச் சலியுங்கள், நிற்க வையுங்கள், ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். பாச்சை உருண்டை கண்ணில் பட்டால் முதல் வேலையாக அதை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரப்போகும் பாப்பாவுக்கு நீங்கள் தரும் முதல் பரிசு அதுவாகவே இருக்கலாம்.